ஏழாம் நம்பர் பனியன்

ஒரு பனியனுக்குள் நுழைவதற்காக என் வீட்டுக்காரர் இரண்டு மாதம் பட்டினி கிடந்தார். கேட்டால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள், நானும் முதலில் சிரித்தவள்தான்.

அவர் பெயர் காஜா மொய்தீன். வயது நாற்பத்தொன்பது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். இப்போது எங்கள் தெருவில் விசாரித்தால் "கட்டிங் பாயா, மூணாவது ஊடு" என்று கை காட்டுவார்கள். ஒரு காலத்தில் இதே ஊரில் பூப்பந்து காஜா என்று சொன்னால்தான் தெரியும். பூப்பந்து என்றால் டிவியில் காட்டுகிற இறகுப்பந்து இல்லை. கம்பளி நூலில் சுற்றிய மஞ்சள் பந்து, பக்கத்துக்கு ஐந்து பேர், வெட்டவெளி மண் கிரவுண்டு. மாநிலப் போட்டியில் இரண்டு தடவை கோப்பை வாங்கிய அணியில் இவர் பின்வரிசை ஆட்டக்காரர். தலைக்கு மேலே போகிற பந்தை எம்பி அடித்தால் எதிர்ப்பக்கம் இருப்பவன் பந்தைப் பார்க்க மாட்டான், மண் தெறிப்பதைத்தான் பார்ப்பான் என்று சொல்வார்கள். நான் எங்கே கண்டேன், சொன்னதைச் சொல்கிறேன்.

சொந்த ஊர் தாராபுரம். அங்கே ஒரு போட்டியில் இவர் ஆடியதைப் பார்த்துவிட்டு எங்கள் கம்பெனியின் பெரிய முதலாளி, "நம்ம கம்பெனிக்கு ஆட வந்துரு தம்பி, வேலை தானா வரும்" என்று காரிலேயே ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். வேலை ஒன்றும் தெரியாது. கட்டிங் டேபிளில் துணி விரிக்கிற ஆளாக நிறுத்தினார்கள். நின்றவர் தொழிலைக் கற்றுக்கொண்டார். என் வாப்பாவுக்கு மாப்பிள்ளையின் சம்பளம், குடும்பம் எதுவும் கண்ணில் படவில்லை. பேப்பரில் பேர் வருகிறதாம், அது போதுமாம். நிக்காஹ் அன்றைக்கு வந்தவர்களிடமெல்லாம் அந்தப் பேப்பர் துண்டைக் காட்டிக்கொண்டு திரிந்தார். அந்தத் துண்டை வைத்து நான் உலை கொதிக்க வைத்தேனா? ஞாயிற்றுக்கிழமை என்றால் சேவூர், சோமனூர் என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். கறி எடுத்து வைத்துக்கொண்டு நான் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

எங்களுக்கு ஒரே மகள், ரைசா. அவளுக்கு மூன்று வயதானபோது பெரிய முதலாளி மவுத்தாகிவிட்டார். மகன்களுக்கு ஆட்டமும் வேண்டாம், ஆட்டக்காரனும் வேண்டாம். கம்பெனிக்குப் பின்னால் இருந்த கிரவுண்டில் குடோன் கட்டினார்கள். இவர் பேட்டைத் துணியில் சுற்றிப் பரண் மேல் போட்டார். அன்று இவர் சாப்பிடவில்லை. எனக்கு உள்ளூர சந்தோஷம்தான். இனி ஞாயிற்றுக்கிழமை மனிதனாக வீட்டில் இருப்பார் என்று நினைத்தேன்.

இருந்தார். ஆனால் வாய் ஓயவில்லை. அந்த ஃபைனலில் அப்படி அடித்தேன், இந்த செமியில் இப்படி எடுத்தேன் என்று ரைசாவிடம் சொல்லிச் சொல்லி வளர்த்தார். அவளுக்கு இப்போது பத்தொன்பது வயது, பி.காம். படிக்கிறாள். நாக்கு என்னைக் கொண்டது. "அத்தா, நீங்க ஆடுனதுக்கு ஒரே ஒரு போட்டோதான் இருக்கு. அதுலயும் கண்ணை மூடிட்டு நிக்கறீங்க. நான் எதைப் பாத்து நம்பறது?" என்பாள். அவர் சிரிப்பார். சிரித்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பார். அது அவருக்கு உறைக்கிறது என்று எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது.

இப்படி இருக்கையில்தான் இந்த வருடம் தை முடிகிற சமயம், கம்பெனியின் புரொடக்ஷன் மேனேஜர் வெள்ளியங்கிரி கட்டிங் டேபிளுக்கு வந்திருக்கிறார். அமெரிக்காக்காரன் வரி போட்டதில் ஆர்டர் குறைந்து பாதி மெஷின் சும்மா கிடந்த நேரம். சும்மா இருந்த முதலாளிமார்கள் பத்துக் கம்பெனியாகச் சேர்ந்து பூப்பந்துப் போட்டி நடத்துவதாக முடிவு செய்திருந்தார்கள். கம்பெனியில் வேலை செய்கிற ஆள் மட்டும்தான் ஆட வேண்டும் என்று சட்டம். "பாய், நம்ம டீமை மறுக்காவும் எறக்கறமுங்க. நீங்க இல்லாம டீமா? உங்க பேருதான் மொதல்ல" என்றாராம் வெள்ளியங்கிரி.

அன்று அவர் வீட்டுக்கு வந்த வேகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். செருப்பைக் கழற்றாமலே பரணுக்கு ஸ்டூல் போட்டார்.

"ஏனுங்க, கீழ விழுந்து இடுப்பை ஒடிச்சுக்கிட்டா ஆட்டம் பரண்லயே முடிஞ்சுரும்" என்றேன்.

"ரைசா எங்க?" என்றார் மேலிருந்தபடியே. அவள் வந்ததும், "கண்ணு, சித்திரை பொறந்ததும் போட்டி. நீ வரணும். காலேஜ் கீலேஜ்னு சொல்லப்படாது" என்றார்.

"வரேன் அத்தா. ஆனா போட்டோல மாதிரி கண்ணை மூடிக்காதீங்க" என்றாள்.

அவ்வளவுதான். அவருக்கு வேண்டியிருந்தது கோப்பை இல்லை, பேப்பரில் பேர் இல்லை. மகள் ஒரு தடவை தன் ஆட்டத்தைப் பார்த்துவிட வேண்டும். அதை அவர் வாய்விட்டே என்னிடம் சொன்னார். "ஒரு மேட்ச் போதும் முனவரு. அவ பாத்துட்டா போதும்" என்றார்.

கம்பெனி வாசல் டீக்கடையில் இவரை வைத்துப் பெரிய பஞ்சாயத்தே நடந்திருக்கிறது. ஒரு கேம் தாங்குவார், மூன்று கேம் தாங்க மாட்டார் என்று ஒரு கட்சி. பழைய கைக்கு மணிக்கட்டு மறக்காது, ஓடுவதற்குச் சின்னப் பையன்கள் இருக்கிறார்கள் என்று இன்னொரு கட்சி. என்னைக் கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன். தொழுது எழும்போது அவர் முட்டி போடுகிற சத்தம் பக்கத்து வரிசைக்குக் கேட்கும். வலது தோள் துணிக்கட்டைத் தூக்கித் தூக்கி இறங்கிப்போனது. வயிறோ, தெறித்து விழுகிற சட்டைப் பொத்தான் ஒவ்வொன்றும் என் பாவத்தைக் கொட்டிக்கொள்ளும், நான்தானே தைக்க வேண்டும். இந்த லட்சணத்தில் மாநிலச் சாம்பியன் திரும்பி வருகிறாராம் என்று பக்கத்து வீட்டு நஞ்சம்மாளிடம் சொல்லிச் சிரித்தேன்.

அப்புறம் அந்தப் பனியன் வந்தது.

ஊருக்கே பனியன் தைக்கிற கம்பெனி, சொந்த டீமுக்கு வெளியிலா வாங்கும்? வெட்டுவது எங்கள் வீட்டுக்காரர்தான். வெள்ளியங்கிரி வந்து ஆள் ஆளுக்கு நம்பர், சைஸ் சொல்லியிருக்கிறார். முதுகில் 'காஜா' என்றும் ஏழு என்றும் அச்சடிக்க வேண்டியதற்கு எம் சைஸ் வெட்டச் சொன்னார். எம் என்றால் நடுத்தர உடம்பு, காலேஜ் பையன் போடுவது. என் வீட்டுக்காரருக்கு டபுள் எக்ஸெல்லே வயிற்றில் பிடிக்கும்.

நீங்களாக இருந்தால் என்ன நினைத்திருப்பீர்கள்? சைஸ் மாறிப்போச்சு என்று நினைப்பீர்கள். இல்லை, இது வேறு ஆளுக்கு என்று சந்தேகப்படுவீர்கள். அவர் கட்டிங் மாஸ்டர் இல்லையா! அவர் கணக்கே வேறு. ஆர்டர் கொடுக்கிற பையர் ஒரு அளவு அனுப்பினால் அதை ஏன் என்று கேட்கக் கூடாது, அந்த அளவுக்குப் பீஸைக் கொண்டு வர வேண்டும். அரை இஞ்ச் கூடினாலும் மூட்டை திரும்பி வந்துவிடும். இதிலேயே ஊறிய மனுஷன், அந்த எம்மையும் பையர் கொடுத்த அளவாக எடுத்துக்கொண்டார். "அந்த அளவுக்கு ஒடம்பக் கொண்டாந்தாத்தான் ஆட முடியும்னு கம்பெனி சொல்லாம சொல்லுது முனவரு. துணியில லைக்ரா இருக்குது, கொஞ்சம் இழுக்கும். மிச்சத்தை நான் கொறைச்சுக்கறேன்" என்றார்.

"துணி சுருங்கும்னு கேள்விப்பட்டிருக்கேன். மனுசன் சுருங்குவானா?" என்றேன்.

அவர் காதில் வாங்கவில்லை. அதே எம் சைஸில் பேரும் நம்பரும் இல்லாமல் ஒரு சாம்பிள் பீஸ் தைத்துக் கொண்டுவந்து பீரோ கைப்பிடியில் மாட்டினார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்மா தொழுதுவிட்டு வந்து அதைப் போட்டுப் பார்ப்பார். முதல் வெள்ளி, தலை நுழைந்தது, தோள் நுழைந்தது, வயிற்றுக்கு மேலே சுருண்டு நின்றுகொண்டது. கழற்றுவதற்கு நானும் ரைசாவும் ஆளுக்கொரு கை பிடித்து இழுத்தோம். ரைசா சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவரும் சிரித்தார். நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து அப்படிச் சிரித்து எவ்வளவு காலமாகியிருந்தது!

நோன்பு பிறந்தது. ஊரெல்லாம் நோன்பில் ஒரு சுற்றுப் பெருக்கும். இவர் பேரீச்சம்பழம் இரண்டு, கஞ்சி அரைக் கிண்ணம், அவ்வளவுதான். வடை கூடாது, சமோசா கூடாது. நான் பார்த்துப் பார்த்துச் செய்ததெல்லாம் நஞ்சம்மாள் வீட்டுக்குப் போயிற்று. ராத்திரி தராவீஹ் தொழுகை முடிந்து வந்தால் கொள்ளுத் தண்ணீர். பெருநாளன்று பிரியாணியை மோந்து பார்த்துவிட்டுத் தட்டை நகர்த்தினார். எனக்கு வந்ததே கோபம். "அல்லா குடுத்த பெருநா அன்னைக்குக்கூட இந்தக் கருமம் புடிச்ச பனியன்தானா?" என்று கத்தினேன். "இன்னும் நாலு வாரம் முனவரு. அப்புறம் நீ அண்டாவோட வெய்யி, திங்கறேன்" என்றார்.

கன்னம் ஒட்டிப்போயிற்று. கண்ணுக்குக் கீழே கறுத்தது. ஆனால் வயிறும் போயிருந்தது. விடிந்தும் விடியாமலும் பக்கத்துத் தெரு மண் கிரவுண்டுக்குப் போய்விடுவார். ஒரு நாள் டிபன் பாக்ஸை மறந்து போனார் என்று நானே எடுத்துக்கொண்டு போனேன். டைலர்ப் பையன்களோடு ஆடிக்கொண்டிருந்தார். ஓடுவதில் தள்ளாட்டம்தான், அதை மறைக்க மாட்டேன். இரண்டு பந்து காலுக்கடியில் போயிற்று. மூன்றாவது பந்து தலைக்கு மேலே உயரமாக வந்தது. பின்னால் போனார், எம்பினார், மணிக்கட்டு ஒரு திருப்புத் திருப்பியது. எதிரே மண்தான் தெறித்தது. அந்தப் பையன்கள் வாயைப் பிளந்து நின்றார்கள்.

கல்யாணமாகி இருபத்து இரண்டு வருடம் இந்த மனிதனுக்கு ஆக்கிப்போட்டிருக்கிறேன். எத்தனை ஞாயிற்றுக்கிழமை திட்டியிருக்கிறேன்! இது என்ன என்று ஒரு தடவைகூட வந்து பார்த்ததில்லை. அங்கேயே நின்று அழுதுவிட்டேன். யா அல்லா, இந்த ஆளை ஒரு மேட்ச் ஆட விடு, என் மகள் பார்க்கட்டும் என்று அன்றிலிருந்து ஐந்து வக்துத் தொழுகையிலும் கேட்டேன்.

போட்டிக்கு முந்தின வெள்ளிக்கிழமை சாம்பிள் பனியன் வழுக்கிக்கொண்டு இறங்கியது. ஒரு சுருக்கம் இல்லை. கண்ணாடி முன்னால் நின்று முன்னும் பின்னும் பார்த்தார். "பாஸ்" என்றார், பீஸ் செக் பண்ணுகிறவர்கள் சொல்வது போல. அந்த வாரம்தான் வெள்ளியங்கிரி அவருடைய கம்பெனி அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு போனாராம். போட்டிக்காகப் புதுசு அடிக்கிறோம் என்று சொன்னாராம். நாங்கள் அதை ஒரு விஷயமாகவே நினைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. அவிநாசி ரோட்டில் ஒரு பள்ளிக்கூட கிரவுண்டு. சாமியானா, மைக், கரும்புச்சாறு வண்டி என்று திருவிழாக் கூட்டம். நானும் அவரும் முதல் ஆளாகப் போய்விட்டோம். ரைசாவுக்குக் காலையில் கம்ப்யூட்டர் பரீட்சை, முடித்துவிட்டு பஸ்ஸில் வருகிறேன் என்றிருந்தாள். அவர் அந்தச் சாம்பிள் பனியனை உள்ளே போட்டு மேலே சட்டை போட்டிருந்தார். "அங்க போயி நம்பர் பனியன் வாங்கி மாத்திக்கறேன். அதுவரைக்கும் ஒடம்பு பழகட்டும்" என்றார்.

கம்பெனி வேன் வந்து நின்றது. அதிலிருந்து கம்பெனியில் நான் பார்த்தே இராத மூன்று பையன்கள் இறங்கினார்கள். நெட்டை நெட்டையாக, காலில் விலை கூடின ஷூ. ஒருவன் இறங்கித் திரும்பினான். முதுகில் 'காஜா', அதற்குக் கீழே ஏழு.

என் வீட்டுக்காரர் அந்த முதுகைப் பார்த்தார். பிறகு வெள்ளியங்கிரியைப் பார்த்தார். துணியைத் தொட்டே அளவு சொல்கிற மனுஷனுக்கு அளவு புரிந்துவிட்டது. எம் சைஸ் சொன்ன அன்றைக்கே எல்லாம் முடிவாகியிருந்தது. தனக்குப் பதிலாக ஆடப்போகிறவனுக்குத் தன் கையாலேயே வெட்டிக் கொடுத்துவிட்டு, தனக்கென்று நினைத்து இரண்டு மாதம் பட்டினி கிடந்திருக்கிறார்.

வெள்ளியங்கிரி அவர் தோளில் கை போட்டு ஓரமாக நகர்த்தினார். நானும் கூடவே போனேன். என்னை விரட்ட அவருக்குத் தைரியம் இல்லை.

"பாய், கோவிச்சுக்காதீங்க. பையன் பேரு முனீஸுங்க, அருப்புக்கோட்டைப் பக்கம், யுனிவர்சிட்டி பிளேயரு. வெளியாளு ஆட முடியாதில்லீங்க, அதான் உங்க கார்டுல அவன் போட்டோ ஒட்டியிருக்குது. காஜா மொய்தீன்னா ஊருக்கே தெரிஞ்ச ஆட்டக்காரன் பேரு, மூஞ்சி இப்ப யாருக்கும் ஞாபகமில்லீங்க, யாரும் சந்தேகப்பட்டுக் கேக்க மாட்டாங்க. நீங்க சேர் போட்டு நம்ம டீம் பக்கத்துலயே உக்காருங்க. யாராச்சும் பேரு கேட்டா மட்டும் வேற எதாச்சும் சொல்லிருங்க பாய்" என்றார். குரலில் அத்தனை மரியாதை.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "ஏனுங்க மேனேஜர், ஆடறதுக்கு ஆளை வெளியில இருந்து கூட்டியாந்தீங்க, சரி. அப்படியே ஒரு பேரையும் கூட்டியாந்திருக்கப்படாதா? இந்த மனுசன் பேருதான் கெடைச்சுதா? ரெண்டு மாசமா சோறு திங்கலீங்க இவரு! டீம்ல இல்லைன்னு அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்ல உங்களுக்கு வாய் இல்லையா?"

"அக்கா, சத்தம் போடாதீங்க. எல்லாக் கம்பெனியும் இதையேதான் பண்றாங்க. அன்னைக்கே சொல்லியிருந்தா பாய் கார்டு குடுத்திருக்க மாட்டாருங்க" என்றார்.

இப்படிப் பச்சையாகச் சொல்கிற ஆளை என்ன செய்வது? நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "முனவரு, வுட்டுரு. வெளிய தெரிஞ்சா டீமையே தூக்கிருவாங்க. மத்த பசங்க ஆடட்டும்" என்றார். இந்த மனுஷனை என்ன சொல்வது! இருபத்தைந்து வருடமாக ஆமாங்க, சரிங்க என்று சொல்லிச் சொல்லி வாய் அதற்கே பழகிவிட்டது. நான் கையை உதறினேன். அவர் போய்த் தண்ணீர் கேனுக்குப் பக்கத்துச் சேரில் உட்கார்ந்துகொண்டார்.

ஆட்டம் தொடங்கியது. அந்த முனீஸ் நன்றாகத்தான் ஆடினான், பொய் சொல்லக் கூடாது. மைக்கில் ஒருவன் "காஜா மொய்தீன்! அடிச்சாரு பாருங்க காஜா மொய்தீன்!" என்று தொண்டை கிழியக் கத்தினான். கம்பெனி ஆட்களே "பாய், பாய்" என்று விசிலடித்தார்கள், நிஜ பாய் பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருக்கும்போதே. அந்தப் பையனுக்கு அது தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று பாதி நேரம் உறைக்கவில்லை, திரும்பியே பார்க்கவில்லை. நல்ல வெயில். என் வீட்டுக்காரர் சட்டையின் மேல் பொத்தானைக்கூடக் கழற்றவில்லை. உள்ளே இருக்கிற பனியன் தெரிந்துவிடுமே. பந்து மேலே போகும்போதெல்லாம் மடியில் கிடந்த அவர் வலது மணிக்கட்டு தானாகத் திரும்பியது. அதை நிறுத்த இடது கையால் பிடித்துக்கொண்டார்.

ஃபைனல் மூன்றாவது கேமில் இருக்கும்போது ரைசா வந்தாள். கேட்டுக்கு வெளியிலேயே மைக்கில் அத்தா பெயரைக் கேட்டிருக்கிறாள். துப்பட்டா ஒரு பக்கம், பை ஒரு பக்கம், "அத்தா! அத்தா!" என்று கை தட்டிக்கொண்டே ஆட்களைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தாள். கயிற்றருகே வந்து நின்று பார்த்தாள். ஏழாம் நம்பர் திரும்பியது. மீசை அரும்புகிற ஒரு முகம். அவள் கை பாதியில் நின்றது. தேடினாள். தண்ணீர் கேன் பக்கத்தில் அத்தாவைக் கண்டாள். அப்போதுதான் முனீஸ் ஓடி வந்து, "அண்ணே, தண்ணி" என்று கை நீட்டினான். என் வீட்டுக்காரர் எழுந்து டம்ளரில் பிடித்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டு நிமிர்ந்தவர் மகளைப் பார்த்தார். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். அவள் வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

எங்கள் கம்பெனி ஜெயித்தது. ஆட்டநாயகன் காஜா மொய்தீன் என்று அறிவித்தார்கள். பரிசு கொடுக்க வந்திருந்தவர் ராக்கையா. அந்தக் காலத்தில் வேறொரு கம்பெனிக்கு ஆடியவர், இவரிடம் எத்தனையோ ஃபைனலில் தோற்றவர், ஜெயித்தவர். பெயரைக் கேட்டதும் மேடையிலிருந்து எட்டிப் பார்த்தார். பையனைப் பார்த்தார், முகம் மாறியது. கூட்டத்தில் தேடிப் பிடித்து நேராக எங்களிடம் இறங்கி வந்துவிட்டார்.

"ஏய்யா காஜா! ஒம்பேரச் சொல்றாக, அங்கன எவனோ ஒரு பய நிக்கிறான். யாருய்யா அவன்?"

இப்போதாவது சொல்லுங்கள், ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று மனசுக்குள் கத்தினேன்.

"அவன் பேரும் காஜாதாங்கண்ணா. நம்ம கம்பெனிப் பையன்தான்" என்றார்.

"அப்ப நீ ஏன் எறங்கல?"

"வயசாயிப்போச்சுங்கண்ணா. முடியாதுன்னு நானாத்தான் வேண்டாம்னுட்டேன்."

ராக்கையா அவரை மேலும் கீழும் பார்த்தார். ஒட்டின கன்னத்தைப் பார்த்து ஏதோ நோய் என்று நினைத்திருப்பார். "நல்ல காரியம் செஞ்சய்யா. எறங்கி அசிங்கப்படுறதுக்கு இது தேவல" என்று தோளைத் தட்டிவிட்டு மேடைக்குப் போய், முனீஸின் கையில் கோப்பையைக் கொடுத்தார்.

அதுதான் என் வயிற்றெரிச்சல். இறங்கித் தோற்றிருந்தால் தோற்றார் என்று இருக்கும். முட்டி மடங்கி விழுந்திருந்தால் தூக்கிக்கொண்டு வந்திருப்பேன். அவரால் முடியுமா, முடியாதா என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. அவருக்கே தெரியாது. அதைத்தான் திருடிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றினார். உள்ளே பனியன் வேர்வையில் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. ரைசா அதைப் பார்த்தாள், அதுவரை அவர் அதை உள்ளே போட்டிருந்தது அவளுக்குத் தெரியாது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் அடுப்பைப் பற்றவைத்து, கறிக்குழம்பு வைத்து, சோற்றை மலையாகத் தட்டில் போட்டு அவர் முன்னால் வைத்தேன். "இனி எந்த நாய்க்காகவும் பட்டினி கெடக்க வேண்டாம். தின்னுங்க" என்றேன். அவர் பிசைந்து தின்னத் தொடங்கினார்.

அப்போது போன் அடித்தது. கம்பெனிக்காரர்கள் வாட்ஸாப்பில் போட்டுவிட்டிருந்தார்கள், கோப்பையின் படமும் 'ஆட்டநாயகன் காஜா மொய்தீன்' என்ற வரியும். தாராபுரத்தில் இருக்கிற அவருடைய அக்கா கைக்கு அது போய்ச் சேர்ந்திருந்தது. சோற்றுக் கையோடு இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார்.

"தம்பி! மாஷா அல்லா! இந்த வயசுலயும் ஜெயிச்சுப்போட்டியே! நம்ம அத்தா இருந்திருந்தா எப்படிச் சந்தோசப்பட்டிருப்பாரு!" அந்த அம்மா போனிலேயே அழுதார்.

அவர் "ஆமாங்கக்கா" என்றார். அதோடு நிற்காமல், "கடைசிக் கேம்தான் கொஞ்சம் இழுத்துருச்சு" என்றார். அட பாவி மனுசா என்று வாய் வரைக்கும் வந்ததை விழுங்கினேன்.

"எங்க அவ, ரைசா? குடு அவகிட்ட. ஏன் கண்ணு, அத்தா ஆட்டத்தை நம்பவே மாட்டேன்னு சொல்லுவியே. இன்னைக்குப் பாத்தியா?"

ரைசா போனைப் பார்த்தாள். அத்தாவைப் பார்த்தாள். அவர் தலையை நிமிர்த்தவில்லை. ஈரப் பனியனில், குழம்புக் கையைத் தட்டுக்கு மேலே அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பாத்தேன் மாமி" என்றாள் ரைசா. "கண்ணால பாத்தேன். அத்தா நல்லா ஆடுனாரு."

எத்தனை வருடம் காத்திருந்தார் அந்த வார்த்தைக்கு! அது இப்படியா வர வேண்டும்? அவர் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போய்க் கை கழுவினார். தண்ணீர் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. சோற்றில் கால்வாசிகூடக் குறைந்திருக்கவில்லை.